கிளட்ச் பிடிக்காமல் ஓட்டிய கஸ்தூரி

அந்தப் படத்துக்கு நான் கட்டைவிரல் உயர்த்தும் குறியைப் போட்டுவிட்டேன். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். காலை ஷிப்டில் தேநீர் இடைவேளை. எங்கள் டெஸ்ட் டிராக் வாட்ஸ்அப் குழுவில் கஸ்தூரியின் படம் வந்திருந்தது. ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கிற படம். பிறந்தநாளாக இருக்கும் என்று நினைத்து விரலை வைத்துவிட்டு டம்ளரை எடுத்தேன். இரண்டு வாய் குடித்த பிறகுதான் படத்துக்குக் கீழே இருந்த வரியைப் படித்தேன். ‘நம் கஸ்தூரி அக்கா இன்று காலை காலமானார்.’ அவசரமாகக் குறியை நீக்கினேன். அதற்குள் என்னைப் பார்த்து இன்னும் மூன்று பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள்.

பிள்ளைப்பாக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் அன்று அந்தத் தெருவில் யூனிபாரத்தோடு நின்றீர்கள். கஸ்தூரியின் கணவர் முனுசாமி படப்பை வழியில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். என் கையைப் பிடித்துக்கொண்டு, “டீ போட்டுக் குடுத்துட்டு, தலை வலிக்குதுன்னு ஒக்காந்தா சார். நான் ஆட்டோவ தெருவுக்குக் கொண்டாரதுக்குள்ள முடிஞ்சிபோச்சி” என்றார். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டதாக டாக்டர் சொன்னாராம். நாற்பத்தாறு வயது.

வேறு பிரிவிலிருந்து வந்திருந்த ஒருவர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். “கிளட்ச் விஷயத்துல மாட்டினவங்க இவங்கதானே சார்?” என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். மாட்டிவிட்டவன் யார் என்பது அவருக்குத் தெரியவில்லை. தொழிற்சாலையில் பலருக்கும் தெரியாது. கஸ்தூரி அதை யாரிடமும் சொன்னதில்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

ஒரகடத்தில் இருக்கும் எங்கள் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில் கஸ்தூரி முதலில் பின்சக்கரமும் செயினும் மாட்டும் இடத்தில்தான் வேலை பார்த்தார். டெஸ்ட் ரைடர் வேலைக்கு ஆள் வேண்டும் என்று ஒருமுறை அறிவிப்புப் பலகையில் காகிதம் ஒட்டினார்கள். ஆண்கள் மட்டும் என்று அதில் எழுதவில்லை. எழுதத்தான் வேண்டுமா என்று நினைத்திருப்பார்கள். கஸ்தூரி விண்ணப்பம் போட்டார். தேர்வு செய்யும் மூன்று பேரில் நானும் ஒருவன். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் கியர்பாக்ஸ் என் பொறுப்பு.

மேலாளர் சுந்தரேசன் அவரைப் பார்த்ததும், “கனமான வண்டிம்மா. கீழ போட்டா தூக்க முடியுமா?” என்று கேட்டார்.

“கீழ போட்டாதான சார் தூக்கணும்” என்றார் கஸ்தூரி.

அவருக்கு முன்னால் வந்த மூன்று ஆண்களும் ஏறி உட்கார்ந்ததும் கிளப்பிக்கொண்டு போனவர்கள். கஸ்தூரி உட்கார்ந்தார், கிளப்பவில்லை. ஹேண்டில்பாரை இருபுறமும் திருப்பினார். பிரேக்கை அழுத்தி விட்டார். கியர் லீவரைக் கால் நுனியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். இரண்டு நிமிடம் ஆயிற்று. “ஸ்டார்ட் பண்ணும்மா” என்று சுந்தரேசன் குரலை உயர்த்தினார். “இருங்க சார், இது இன்னா மாதிரி வண்டின்னே இன்னும் தெரியல” என்று பதில் வந்தது. அன்று நான் அவருக்குத்தான் முழு மதிப்பெண் போட்டேன். எங்கள் டிராக்கில் ஏறிய முதல் பெண் அவர்.

வெளியில் இருப்பவர்களுக்காக அந்த வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புதிதாகச் செய்து இறங்கும் ஒவ்வொரு வண்டியும் டிராக்கில் ஒரு சுற்று ஓடியாக வேண்டும். எல்லாக் கியரும் ஏறி இறங்கி, இரண்டு பிரேக்கும் பிடித்து, சத்தம் கேட்டு, அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். சரியில்லாத வண்டிக்குச் சிவப்பு அட்டை. ஒரு ஷிப்டுக்கு ஒருவர் அறுபது வண்டி ஓட்டுவார். ஒவ்வொரு வண்டியிலும் பத்துப் பன்னிரண்டு முறையாவது இடது கை கிளட்சை இழுத்து விடும். ஒரு பிடி என்ன பெரிய பாரம் என்று நாங்கள் இருந்துவிட்டோம். நாள் முழுக்க அந்தக் கை எத்தனை முறை இழுக்கிறது என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

கிளட்ச் இல்லாமல் கஸ்தூரி வண்டி ஓட்டியதை நான் முதலில் பார்த்தது சாலையில். ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து படப்பைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பாதி வழியில் என் பழைய வண்டியின் கிளட்ச் கேபிள் அறுந்துவிட்டது. ஓரமாகத் தள்ளிக்கொண்டு நடந்தேன். கம்பெனி பஸ்ஸிலிருந்து கஸ்தூரி என்னைப் பார்த்திருக்கிறார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்துவிட்டார்.

“இன்னா சார், தள்ளிக்கினு வரீங்க?”

“கேபிள் போச்சும்மா. மெக்கானிக் யாராச்சும் இருந்தா பாக்கணும்.”

“எதுக்கு? கைதான போச்சி, கால் கீதே. பின்னாடி ஒக்காருங்க, நானே இட்டுனு போறேன்.”

நான் தயங்கினேன். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவன் நான். பெண்ணுக்குப் பின்னால் அமர்ந்து அதுவரை போனதில்லை. அது ஒரு காரணம். கன்டெய்னர் லாரிகள் போகிற சாலையில் கிளட்ச் இல்லாத வண்டி என்பது இன்னொன்று. கஸ்தூரி அதற்குள் ஏறி உட்கார்ந்து என்ஜினைக் கிளப்பிவிட்டார். “ரெண்டு பேரும் காலால தள்ளுவோம். வண்டி உருண்டதும் மொதல் கியர போடுவேன். ஒரு குதி குதிக்கும். கெட்டியா புடிச்சிக்குங்க” என்றார். குதித்தது. அதற்குப் பிறகு குதிக்கவே இல்லை. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது என்று ஒன்றன்பின் ஒன்றாக ஏறியது. எப்போது மாற்றினார் என்று பின்னால் இருந்த எனக்குத் தெரியவில்லை. என்ஜின் ஒரு இமைப்பொழுது மூச்சை அடக்கியதுபோல இருக்கும், கியர் மாறியிருக்கும்.

தூரத்தில் சிக்னல் சிவப்பாக இருந்தது. நின்றால் மறுபடி தள்ள வேண்டும். அங்கிருந்தே வேகத்தைக் குறைத்து ஆமை போல ஓட்டினார். “மெதுவா போனா பச்சை நம்மள தேடிக்கினு வரும் சார்” என்றார். வந்தது. கொஞ்ச தூரத்தில் எங்களுக்கு முன்னால் போன ஷேர் ஆட்டோ ஒன்று நடுச் சாலையில் சட்டென்று நின்று ஆளை ஏற்றியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கஸ்தூரி இரண்டு கியர் இறக்கி, வளைத்து, அதைத் தாண்டும்போது உள்ளே பார்த்துக் கத்தினார். “யோவ்! நடு ரோட்லதான் நிறுத்துவியா?” பிறகு என் பக்கம் லேசாகத் தலையைத் திருப்பி, “எங்க வூட்டுக்காரரு சார்” என்றார்.

படப்பையில் இறங்கியதும் நான் இன்ஜினியராக ஒரு கேள்வி கேட்டேன். இப்படி ஓட்டினால் கியர்பாக்ஸ் கெட்டுப் போகாதா?

“ஒதைச்சா கெட்டுப்பூடும். கிளட்ச் புடிச்சிக்கினு ஒதைச்சாலும் கெட்டுத்தான் பூடும்” என்றார். “கியருக்கு மேல பாரம் ஏறிக்கினும் எறங்கிக்கினும் இருக்குது சார். ஆக்சிலேட்டர வுடும்போது ஒரு நொடி பாரமே இல்லாம நிக்கும். அந்த நொடி தெரிஞ்சா போதும், அதுவே மாறிக்கும். எங்க அண்ணன் வண்டி கேபிளு மாசத்துக்கு ஒருவாட்டி அறுந்துபூடும். அதுல வந்த பழக்கம்.”

“டிராக்லயும் இப்படித்தான் ஓட்டுறீங்களா?”

“ஐயோ! அது அடுத்தவன் வாங்கப்போற வண்டி சார். ரூல்ஸ் படிதான்.”

நான் புத்தகத்தில் படித்ததும் அதுவேதான். புறப்படவும் நிற்கவும் கிளட்ச் கட்டாயம் வேண்டும். ஓடுகிற வண்டியில், கியர்களின் மேல் பாரம் இல்லாத கணத்தைப் பிடித்துவிட்டால் இல்லாமலும் மாற்றலாம். படித்து இருபது வருடமாகியும் நான் ஒருமுறைகூடச் செய்து பார்த்ததில்லை.

அது நடந்து ஏழெட்டு மாதம் கழித்துப் பிரச்சினை வந்தது. ஒரே நாளில் கஸ்தூரி பதினோரு வண்டிகளுக்குச் சிவப்பு அட்டை மாட்டினார். எல்லாவற்றிலும் ஒரே குறை எழுதியிருந்தார். ‘3 உட்காரவில்லை.’ அந்த வண்டிகளையே மற்ற இரண்டு ரைடர்கள் ஓட்டினார்கள். சரியாக இருக்கிறது என்றார்கள். நான் ஒரு கியர்பாக்ஸைப் பிரித்தேன். கியர் சக்கரத்தின் பக்கவாட்டில் கட்டை கட்டையாக முனைகள் துருத்திக்கொண்டிருக்கும். அவைதான் பக்கத்துச் சக்கரத்தோடு கோர்த்துக்கொள்பவை. மூன்றாவது கியரில் அந்த முனைகளின் ஓரம் தேய்ந்து பளபளத்தது. மூன்றே சுற்று ஓடிய வண்டியில் அந்தத் தேய்மானம் வரக் கூடாது.

எனக்கு உடனே படப்பை சாலை நினைவுக்கு வந்தது. ‘அது அடுத்தவன் வண்டி சார்’ என்று அவர் சொன்னது மட்டும் வரவில்லை.

இரண்டு நாள் டிராக் ஓரத்தில் நின்று, அவருக்குத் தெரியாமல் போனில் படம் எடுத்தேன். இரண்டாவதிலிருந்து மேலே போகும்போது அவர் இடது கை விரல்கள் கிளட்ச் லீவரைத் தொடவே இல்லை. படத்தில் தெளிவாகத் தெரிந்தது. அறிக்கை எழுதினேன். ‘கிளட்சைப் பயன்படுத்தாமல் கியர் மாற்றியதே இந்தத் தேய்மானத்துக்குக் காரணம்’ என்பது அதில் ஒரு வாக்கியம். எழுதி முடித்தபோது வேலையை ஒழுங்காகச் செய்த திருப்தி எனக்கு இருந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

சுந்தரேசன் அன்றைக்கே கஸ்தூரியைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார்.

“கிளட்ச் புடிச்சீங்களா?”

“இல்ல சார்.”

“ஏன்?”

கஸ்தூரி இடது கைச் சட்டையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். மறுநாளிலிருந்து அவரை டிராக்கை விட்டு எடுத்து, வண்டிகளின் கண்ணாடிகளைப் பையில் போட்டுக் கட்டும் இடத்துக்கு அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் என் மேசைக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை.

“சாப்ட்டீங்களா சார்?”

“ஆச்சும்மா.”

“நீங்க எயுதினத எனக்குப் படிச்சிக் காட்டினாங்க. பாதி நெசம், பாதி பொய். நான் கிளட்ச் புடிக்கல, அது நெசம். கியரு தேஞ்சது என்னால இல்ல.”

“பின்ன ஏன் புடிக்கல? அன்னைக்கு ரூல்ஸ் படிதான்னு நீங்கதானே சொன்னீங்க?”

அவர் இடது கைச் சட்டையை மேலே ஏற்றினார். மணிக்கட்டு வீங்கிக் கட்டைவிரல் பக்கம் கொழுக்கட்டை போலப் புடைத்திருந்தது. விரல்களை மடக்கிக் காட்டினார். பாதிக்கு மேல் மடங்கவில்லை.

“எவ்வளவு நாளா இருக்கு?”

“தீபாவளிக்கு முன்னேலர்ந்து. லீவர புடிச்சா உயிரு போவுது. ஒண்ணுக்கும் நிறுத்தறதுக்கும் மட்டும் பல்ல கடிச்சிக்கினு புடிச்சேன். மத்தது காலாலயே பாத்துக்கினேன்.”

“சொல்லியிருக்கலாம்லா கஸ்தூரிம்மா?”

“சொன்னா டிராக்க வுட்டு எடுத்துருவீங்க, அதான் சொல்லல. இப்பதான் சொல்லாமலே எடுத்துட்டீங்களே. இனிமே மறைச்சு இன்னா ஆவப்போவுது?” என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அழவில்லை, கோபப்படவும் இல்லை. நான் செய்து முடிக்க வேண்டிய ஒரு வேலையை எனக்கு ஒப்படைக்க வந்தவர் போலத்தான் பேசினார்.

“கேளுங்க சார். கிளட்ச் புடிச்சிக்கினு ஒதைச்சா எந்தக் கியரும் வாய மூடிக்கினு உள்ள பூடும். புடிக்காம போட்டாத்தான் காலுக்கு சேதி சொல்லும். இப்ப புச்சா வந்த இந்த லாட்டுல மூணாவது உள்ள போறா மாதிரி போயி ஓரத்துல நிக்குது. பழைய லாட்டும் இதே காலாலதான் ஓட்னேன், அதுல ஒண்ணும் சொல்லலயே?”

“ஓரத்துல நின்னா என்ன ஆகும்?” தெரிந்தே கேட்டேன்.

“இங்க ஒண்ணும் ஆவாது. இத்துனூண்டு டிராக்கு, மூணாவதுல யாரு முறுக்கப் போறா? வாங்கினு போறவன் பொண்டாட்டி புள்ளைங்கள ஒக்கார வெச்சிக்கினு லாரிய ஓவர்டேக் பண்ணுவான். அப்ப வெளிய வந்துரும்.”

மூன்று நாளாகத் தெளிவாக இருந்த என் அறிக்கை அந்த இடத்தில் கலங்கியது. என்ன செய்யலாம் என்று கேட்டேன்.

“நான் தொடாத வண்டியா பத்து எடுங்க. நீங்களே ஓட்டுங்க.”

“எனக்கு அப்படி ஓட்டத் தெரியாதே.”

“கியரப் படிச்சவரு நீங்க. அரை மணி போதும், வாங்க.”

டிராக்குக்குள் வர அவருக்கு அனுமதி இல்லை. மஞ்சள் கோட்டுக்கு வெளியே, வெயிலில் நின்றுகொண்டார். நான் நல்ல நிலையில் இருந்த பழைய சோதனை வண்டி ஒன்றை எடுத்துச் சுற்றினேன். ஒவ்வொரு முறை அவரைத் தாண்டும்போதும் ஒரு வரி வரும். “லீவருக்குக் கீழ கால் நுனிய குடுத்து லேசா வெச்சிக்குங்க!” முதல் முறை கியர் கரகரவென்று அரைத்தது. “தூக்காதீங்க, காத்துக்கினு இருங்க!” இரண்டாம் முறை வண்டி என்னை உலுக்கி எடுத்தது. “ஆக்சிலேட்டர இமை கொட்ற நேரம்தான் வுடணும். கால் ரெடியா இருந்தா அதுவே வரும்!” ஆறாவதோ ஏழாவதோ சுற்றில் கையைத் தளர்த்தினேன். கால் நுனிக்குக் கீழே ஏதோ தானாக நகர்ந்து, சத்தமே இல்லாமல் மூன்றாவது வந்து உட்கார்ந்தது. ஹெல்மெட்டுக்குள் நான் சிரித்ததை அவர் எப்படிப் பார்த்தாரோ, அங்கிருந்தே கையைத் தட்டினார்.

பிறகு, வரிசையிலிருந்து நேராக இறங்கிய பத்து வண்டிகளை எடுத்துக்கொண்டேன். ஏழு வண்டிகள் ஒழுங்காக ஏறின. மூன்றில் மூன்றாவது கியர் கஸ்தூரி சொன்னதுபோலவே ஓரத்தில் தயங்கி நின்றது. சொல்லித் தராவிட்டால் எனக்கு அது தெரிந்தே இருக்காது. அந்த மூன்றில் ஒன்றை நேர்ப்பாதையில் மூன்றாவதில் வைத்து முழுதாக முறுக்கினேன். படார் என்று கியர் வெளியே வந்தது. என்ஜின் அலறியது, வண்டியின் இழுப்பு போய் என் உடம்பு டேங்கின் மேல் மோதியது. ஹேண்டில்பார் இரண்டு முறை ஆடியது. எப்படியோ பிடித்து நிறுத்தினேன். நல்லவேளை, பக்கத்தில் லாரி இல்லை.

கஸ்தூரி மஞ்சள் கோட்டைத் தாண்டி ஓடி வந்தார். ‘சொன்னேனா இல்லையா’ என்று கேட்பார் என்று நினைத்தேன். “எறங்காதீங்க சார், கால் நடுங்கும். அப்படியே கொஞ்ச நேரம் ஒக்காருங்க” என்று வண்டியைப் பிடித்துக்கொண்டார்.

அன்று பிற்பகலே ஸ்டோரிலிருந்து, எந்த வண்டியிலும் ஏறாத புது கியர்களை எடுத்து அளந்தேன். கோர்த்துக்கொள்ளும் அந்த முனைகளின் ஓரம் மிக லேசாக உள்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். அந்தச் சாய்வுதான் ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்துக்கொள்ள வைக்கும். அந்த லாட்டில் பல சக்கரங்களில் சாய்வே இல்லை. வெளியிலிருந்து செய்து வருகிற இடத்தில் தவறிவிட்டது. தேய்மானத்துக்குக் காரணம் அதுதான். கஸ்தூரியின் கால் அல்ல.

அந்த லாட் வண்டிகள் லாரிகளில் ஏற்றப்பட்டுக் கேட் அருகே நின்றன. நான் சுந்தரேசனிடம் ஓடினேன்.

“ரெண்டு ரைடர் ஓகே பண்ண வண்டிங்க. பத்துல மூணுன்னு நீங்களே சொல்றீங்க. அதுக்கு எல்லா லாரியையும் நிறுத்தணுமா?” என்றார் அவர். “திங்கக்கெழமை ஒரு ரிப்போர்ட் குடுத்தீங்க. இன்னிக்கு அது தப்புங்கறீங்க. நான் எதை நம்பறது?”

அவர் கேட்டது நியாயம்தான். கஸ்தூரியைக் கூப்பிடச் சொன்னேன்.

அவர் வந்து நின்றதும் சுந்தரேசன் மேசையில் இருந்த என் பழைய அறிக்கையைத் தட்டிக் காட்டினார். “மத்தவங்களுக்குத் தெரியாதது உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது?”

“கிளட்ச் புடிக்காம ஓட்டினதாலதான் தெரிஞ்சது சார்.” கையையும் காட்டினார்.

“அப்போ ரூல மீறி ஓட்டினத ஒத்துக்கறீங்களா? கை வீங்கினத மறைச்சதையும்?”

வேலையே போகக்கூடிய கேள்வி அது. அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். கஸ்தூரிக்கும் தெரியும்.

“ஒத்துக்கறேன் சார். எயுதிக்குங்க, கையெயுத்து போடறேன். லாரிய நிறுத்துங்க.”

சுந்தரேசன் போனைத் தொடவில்லை. கஸ்தூரி இன்னும் ஒரு அடி முன்னால் வந்தார். “நீங்க வண்டி ஓட்டுவீங்கல்ல சார்? இந்த மூணுல ஒண்ணு எடுங்க. நான் பின்னாடி ஒக்காந்துக்கறேன். ரோட்டுக்குப் போயி மூணாவதுல முறுக்கிப் பாருங்க. வாங்கறவன் சம்சாரம் ஒக்கார இடம்தான அது, நான் ஒக்காறேன்.”

சுந்தரேசன் அவர் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, கேட்டைத் திறக்க வேண்டாம் என்றார்.

ஒரு வண்டிகூட வெளியே போகவில்லை. எல்லாக் கியர்பாக்ஸையும் பிரித்துச் சக்கரம் மாற்றினோம். மூன்று வாரம் பிடித்தது. நம்மில் பலர் அதற்காக ஓ.டி. பார்த்து அலுத்துக்கொண்டோம். எதற்காக என்று இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

கஸ்தூரிக்கு மாலை போடவில்லை. விதியை மீறியதற்கு எச்சரிக்கைக் கடிதம்தான் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு, “எயுத்து அழகா கீது” என்றாராம். ஆனால் அவர் கையைப் பார்த்த கம்பெனி டாக்டர் மற்ற இரண்டு ரைடர்களையும் கூப்பிட்டு அனுப்பினார். ஒருவர் கையுறைக்குள் துணியைச் சுற்றிக்கொண்டு ஆறு மாதமாக ஓட்டிவந்திருந்தார். அவரும் வாயைத் திறக்கவில்லை. அதன் பிறகுதான் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒருவரைத் தொடர்ந்து டிராக்கில் விடக் கூடாது என்ற ஏற்பாடு வந்தது. இன்று டிராக்கில் ஓட்டுகிற ஒவ்வொருவரின் மணிக்கட்டும் கஸ்தூரி அன்று சட்டையை மேலே ஏற்றியதால் நன்றாக இருக்கிறது.

நாலு மாதம் கழித்து, கை குணமாகி அவர் டிராக்குக்குத் திரும்பினார். முதல் நாள் நான் ஓரத்தில் நின்று பார்த்தேன். எல்லாக் கியருக்கும் கிளட்ச் பிடித்துப் பாடப்புத்தகம் போல ஓட்டினார். என்னைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்து, “இன்னா சார், இன்னிக்கு வீடியோ எடுக்கலயா?” என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டுவிட்டுப் போனார். அங்கே இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு மட்டும் காது சுட்டது. கூடவே சிரிப்பும் வந்தது.

இப்போது எங்கள் சோதனை முறையில் ஒரு வரி கூடுதலாக இருக்கிறது. ஒவ்வொரு லாட்டிலும் சில வண்டிகளை, தேர்ந்த ரைடர் ஒருவர், இரண்டாவதுக்கு மேல் கிளட்ச் இல்லாமல் ஏற்றிப் பார்க்க வேண்டும். அதை எழுதியது நான், சொல்லிக் கொடுத்தது கஸ்தூரி. சாகும் வரை அந்த வண்டிகளை அவர்தான் ஓட்டினார். ஓட்டிவிட்டு வந்து, “பேசுது சார்” அல்லது “பேசல சார்” என்பார். பேசுகிற வண்டியைப் பிரிப்போம். ஒருமுறைகூட அவர் சொல்லி ஏமாந்ததில்லை.

நான் மன்னிப்புக் கேட்கப் போனதையும் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மனைவியோடு பிள்ளைப்பாக்கம் வீட்டுக்குப் போனேன். முனுசாமி பாயை விரித்தார். கஸ்தூரி கேழ்வரகுக் கூழில் மோரை ஊற்றி, வெங்காயத்தோடு வைத்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, தெரியாமல் படம் எடுத்ததிலிருந்து ஆரம்பித்தேன். அவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

“மன்னிப்புலாம் வேணா சார். அட்த்த வாட்டி ஒருத்தர பத்தி எயுதறதுக்கு முன்ன, அவங்க செய்யற வேலைய ஒரு தபா செஞ்சி பாத்துட்டு எயுதுங்க. போதும். கூழ் குடிங்க, ஆறிப்பூடும்.”

“ஆறின கூழுதான் அது” என்றார் முனுசாமி. என் மனைவிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

முனுசாமியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கே போனாலும் கஸ்தூரி ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்துதான் போவார். ஊரில் கேலி செய்தவர்களிடம், “நாள் முழுக்க நான்தான் ஓட்றேன். அவ ஓட்னா நான் தூங்கலாம்” என்பாராம். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது அவர் வீட்டு வாசலில் கஸ்தூரியின் வண்டி நின்றது. மகள் அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நர்சிங் முடித்து ஸ்ரீபெரும்புதூரில் வேலைக்குச் சேரப் போகிறாளாம். பஸ்ஸில் போவாயா என்று கேட்டேன். ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டதுபோல என்னைப் பார்த்தாள். “இது எதுக்கு நிக்குது சார்?” என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை என் மேசையில் ஒரு கோப்பு இருந்தது. முன்விளக்கு ஒயர்களைச் செருகும் இடத்தில் ஒரு பெண் அடிக்கடி தவறு செய்கிறார், பல வண்டிகளில் இணைப்பு சரியாக உட்காரவில்லை என்று சூப்பர்வைசர் எழுதியிருந்தார். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண். மூன்று முறை எச்சரித்தாகிவிட்டது, வேலையை விட்டு எடுக்கலாம் என்பது பரிந்துரை. என் கையெழுத்துதான் பாக்கி.

பேனாவை மூடி வைத்துவிட்டு லைனுக்குப் போனேன். “கொஞ்சம் தள்ளி உக்காரும்மா” என்றேன். அந்தப் பெண் பயந்துபோய், “சார், நா இனிம கரெக்ட்டா பண்ணிருவேன் சார்” என்றார். இல்லை, நான் செய்து பார்க்க வேண்டும் என்று சொல்லி அவர் ஸ்டூலில் உட்கார்ந்தேன். முதல் பத்து இணைப்புகள் ‘டிக்’ என்று உட்கார்ந்தன. இருபதுக்கு மேல் கட்டைவிரல் எரிந்தது. நாற்பதாவதை என்னால் முழுதாக அழுத்த முடியவில்லை. எடுத்துப் பார்த்தேன். புதிதாக வந்திருந்த இணைப்பின் பிளாஸ்டிக் விளிம்பு தேவைக்கு மேல் தடிமனாக இருந்தது. நான் ஒரு மணி நேரம் கூடத் தாங்கவில்லை. அந்தப் பெண் எட்டு மணி நேரம் அதைச் செய்துகொண்டிருந்தார்.

கஸ்தூரியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதைத்தான். எழுதுவதற்கு முன் போய் உட்கார்ந்து பார்க்கிற வழக்கம். அன்று சாயங்காலம் அறிக்கை எழுதினேன். அதில் இணைப்பின் எண் இருந்தது, வந்த இடம் இருந்தது, தடிமன் இருந்தது. அந்தப் பெண்ணின் பெயர் இல்லை.